டி.எம்.டி. டெஸ்ட்: கொடுத்த காசு வீண் இல்லை

அப்பாவுக்கு 62 வயது. மாடிப்படி ஏறினால் நெஞ்சில் ஒரு இறுக்கம், நின்றால் போய்விடும். படுக்க வைத்து எடுத்த ஈ.சி.ஜி. நார்மல் என்று வந்ததும் வீட்டில் எல்லாரும் அப்படியே விட்டுவிடப் பார்த்தார்கள். இதய மருத்துவர் விடவில்லை, ஓடும் பட்டையில் நடக்க வைத்து ஈ.சி.ஜி. பார்க்கும் டிரெட்மில் டெஸ்ட் (டி.எம்.டி.) எழுதிக் கொடுத்தார். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்கேன் சென்டரில் எடுத்தோம்.

ஓய்வில் எடுத்த ஈ.சி.ஜி.யை மட்டும் ஏன் நம்பக் கூடாது என்றால், இதயம் சும்மா இருக்கும்போதே தனக்கு வரும் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனில் 70-80% எடுத்துக்கொண்டுவிடுகிறது, உடம்பு மொத்தத்துக்கும் பார்த்தால் அது 25% அளவுதான். வேலை கூடினால் இதற்கு மேல் உறிஞ்ச வழியில்லை, ரத்தம்தான் கூடுதலாக வர வேண்டும். அதையும் இதயமே பார்த்துக்கொள்கிறது. உழைக்கும் தசையிலிருந்து அடினோசின் போன்ற பொருட்கள் வெளிவரும், ரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு விடும், சிறு தமனிகள் விரியும், நிமிடத்துக்கு 250 மில்லி அளவில் ஓடிய ரத்தம் நான்கைந்து மடங்கு ஏறும். பெரிய குழாயில் அடைப்பு இருந்தால் கீழே உள்ள சிறு குழாய்கள் ஓய்விலேயே விரிந்து சமாளித்துவிடும். 1974-இல் லான்ஸ் கூல்டு என்ற இதய மருத்துவரின் குழுவினர் நாய்களிடம் செய்த ஆய்வில், குழாய் 85% சுருங்கும் வரை ஓய்வு நேர ரத்த ஓட்டம் குறையவே இல்லை. உச்ச ஓட்டமோ 30-45% சுருக்கத்திலேயே குறைய ஆரம்பித்துவிட்டது. தேவைப்படும்போது ரத்தத்தைக் கூட்டும் அந்தக் கையிருப்பு எவ்வளவு மிச்சம் என்று பார்க்கத்தான் ஓட வைக்கிறார்கள்.

சரி, சென்டருக்கு வருவோம். பில்லிங்கில் கூட்டம், சொன்ன நேரத்துக்குக் கூப்பிடவில்லை. உள்ளே போன பிறகு வேலை சுத்தம். மார்பில் முடியை மழித்து, துடைத்து, ஈ.சி.ஜி. ஒயர் (லீட்) ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்து ஒட்டினார்கள். புரூஸ் முறைதான்: முதல் 3 நிமிடம் மணிக்கு 2.7 கி.மீ., 10% ஏற்றம், அப்புறம் 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். டாக்டர் கடைசி வரை திரைக்குப் பக்கத்திலேயே நின்றார், அதுதான் எனக்குப் பெரிய விஷயம். "ஐயா, வலி வந்தா உடனே சொல்லிடுங்க, தாங்கிக்க வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பாவின் வயதுக்கு இலக்கு நாடித்துடிப்பு 134. இடது கீழறைத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் துடிப்புகளுக்கு இடையே, தசை தளரும்போதுதான் போகிறது. நாடி ஏற ஏற அந்த இடைவெளியும் குறுகும், தேவையோ கூடும். மூன்றாம் கட்டத்தில் அப்பாவின் ஈ.சி.ஜி.யில் எஸ்.டி. என்ற பகுதியின் கோடு கீழே இறங்க (இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கான அடையாளம்), டாக்டர் உடனே நிறுத்தினார். படுக்க வைத்து நாடி இறங்கும் வரை பதிவு எடுத்தார்கள். சில பேருக்கு மாற்றம் அப்போதுதான் தெரியுமாம்.

குறை ஒன்று உண்டு. ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று ஒரே வரி, எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை நாங்கள் கேட்ட பிறகுதான் எழுதினார்கள். அதை விடாமல் கேட்டு வாங்குங்கள், ஆஞ்சியோ பார்க்கும் டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.

முட்டி வலியால் டிரெட்மில்லில் நடக்க முடியாதவர்களுக்கு அடினோசின் ஊசி போட்டு எடுக்கும் ஸ்கேன் உண்டு, இந்த சென்டரில் அது கிடையாது. வேறு இடத்தில் எடுப்பதாக இருந்தால் முந்தின நாளே காபி, டீயை நிறுத்தச் சொல்வார்கள். காஃபின் அந்த மருந்தை வேலை செய்யவிடாது, அதனால் அதில் ஏமாற்ற வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலி வருகிறவர்கள் இந்த டெஸ்டுக்கெல்லாம் போகாமல் நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள்.