கிளிநொச்சியில் மறுமலர்ச்சிக் கால மெய்யியல் வகுப்பு: போகலாமா?

கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட ஒரு ரியூசன் நிலையத்தின் மேல்மாடியில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் இந்த வகுப்பு நடக்கிறது. படிப்பிப்பவர் ஓய்வுபெற்ற அளவையியல் ஆசிரியர். ஆறு வகுப்புகளுக்கும் சேர்த்துக் கட்டணம் 3000 ரூபா, குறிப்புப் பிரதிகளும் அதற்குள் அடக்கம். ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால மெய்யியலும் அதற்கு ஊற்றான பழைய கிரேக்க, உரோமச் சிந்தனையும்தான் பாடம். பரீட்சைக்கு உதவாது, பிள்ளையின் புள்ளியைக் கூட்ட நினைப்பவர்கள் காசை மிச்சம் பிடிக்கலாம். மற்ற எல்லோரையும் போகச் சொல்வேன். நான் தருமபுரத்தில் நெல்லும் கச்சானும் செய்கிறவன். காலபோக வெட்டு முடிந்த கையோடு சேர்ந்தேன்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் பாடமாக்கிய மறுமலர்ச்சி ஒரு மூச்சில் முடிந்துவிடும்: 1453இல் துருக்கியர் கிரேக்கரின் தலைநகரான கொன்ஸ்தாந்திநோபிளைப் பிடித்தார்கள், அறிஞர்கள் ஏடுகளோடு இத்தாலிக்கு ஓடினார்கள், மறுமலர்ச்சி பிறந்தது. சேர் முதல் வகுப்பிலேயே இதைக் கழற்றிப் போட்டார். இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க் வெரோனாவில் பழைய உரோமப் பேச்சாளர் சிசரோவின் கடிதங்களைக் கண்டெடுத்தது 1345இல். கிரேக்க அறிஞர் கிறிசொலோராஸ் புளோரன்சுக்கு வந்து கிரேக்கம் படிப்பிக்கத் தொடங்கியது 1397இல். கொன்ஸ்தாந்திநோபிள் விழ முன்னரே தேடல் மும்முரமாகிவிட்டது. பெத்ரார்க்கிடம் ஹோமரின் கிரேக்கப் பிரதி ஒன்று இருந்ததாம். வாசிக்கத் தெரியாமல் அதை அணைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

இந்த வகுப்பின் பலமே இதுதான். ஒரு கருத்தை விளக்க முதல், அது எந்த ஏட்டில் கிடந்தது, யார் கண்டெடுத்தார், யார் படியெடுத்தார் என்று சேர் சொல்லிவிடுகிறார். போஜ்ஜோ என்பவர் பாப்பரசரின் செயலாளர். 1415இல் ஜேர்மனியின் கொன்ஸ்தான்ஸ் நகரில் கூடிய திருச்சபைக் கூட்டத்தில் பாப்பரசர் பதவி இழக்க, இவருக்கும் வேலை இல்லை. பக்கத்து மடங்களில் ஏடு தேடப் புறப்பட்டார். 1416இல் இன்றைய சுவிற்சர்லாந்தின் சென் காலன் மடத்துக் கோபுரத்தின் அடியில், தூசி மூடிக் கிடந்த, உரோமப் பேச்சுக்கலை ஆசிரியர் குவின்ரிலியனின் முழு நூலையும் கண்டு, தன் கையாலேயே படியெடுத்தார். அடுத்த வருடம் உரோமக் கவிஞர் லுக்ரீசியஸின் நூல் கிடைத்தது.

இந்த இடத்தில் சேர், பழந்தமிழ் ஏடுகளைத் தேடி அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையை இழுத்து வந்தார். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஏட்டைத் தொட்டால் ஓரம் உதிர்கிறது, புரட்டினால் துண்டு துண்டாகிறது என்று அவர் பதிப்புரையில் பட்ட வேதனையை வாசித்துக் காட்டினார். போஜ்ஜோ யார் என்று அதற்குப் பிறகு ஒருவருக்கும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

பிறகுதான் லுக்ரீசியஸ் என்ன சொன்னார் என்பதற்கு வந்தார். உலகம் அணுக்களும் வெற்றிடமும். உயிரும் அணுக்களால் ஆனது, உடலோடு கலைந்துவிடும். ஆகவே மரணத்துக்கு அஞ்ச ஒன்றுமில்லை. கிறிஸ்தவ ஐரோப்பாவுக்குள் இப்படி ஒரு நூல் வந்தால் என்ன நடக்கும்! பிரெஞ்சு எழுத்தாளர் மொன்தேய்ன் அந்த நூலின் தன் பிரதியின் ஓரமெல்லாம் குறிப்பெழுதி வைத்திருந்தார் என்பதைக் கேட்டபோது, அந்த மனிதரை நேரே கண்டதுபோல இருந்தது.

பெசாரியன் வகுப்பை நான் மறக்கமாட்டேன். கருங்கடல் கரையில் பிறந்த கிரேக்கர், உரோமில் கர்தினால். கொன்ஸ்தாந்திநோபிள் துருக்கியரிடம் விழுந்த பிறகு, கிரேக்கரின் அறிவு சிதறிப்போகக்கூடாது என்று தேடித் தேடி ஏடு சேர்த்தார். 700க்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளை 1468இல் வெனிஸ் நகரத்துக்கு எழுதிக் கொடுத்தார். முள்ளியவளையிலிருந்து வரும் ஓர் அம்மா கேட்டார், "சேர், அந்தப் பெட்டியள் போய்ச் சேர்ந்ததோ?"

"போய்ச் சேர்ந்தது அம்மா. ஆனா கனகாலம் பெட்டியிலேயே கிடந்தது. நூலகக் கட்டடம் கட்டத் தொடங்கினதே 1537இலதான்."

2009இல் புத்தகப் பெட்டிகளைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்தவர்கள் அந்த அறையில் பலர். அந்தக் கேள்விக்குப் பிறகு சேர் அவசரப்படுத்தாமல், நாங்கள் கதைக்க இடம் விட்டார். நல்ல வாத்தியாருக்கு அது தெரியும்.

புளோரன்ஸ் அரசியல் எழுத்தாளர் மாக்கியவல்லியைப் பற்றி நான் கேள்விப்பட்டதெல்லாம் தந்திரக்காரர் என்பதுதான். 1513 மார்கழியில் அவர் நண்பருக்கு எழுதிய கடிதத்தைச் சேர் தமிழில் சொல்லிக் காட்டினார். பதவி போய், சிறையில் வதைபட்டு, தோட்டத்து வீட்டில் இருக்கிறார். பகலில் விறகுக் கணக்குப் பார்க்கிறார், இறைச்சிக்காரரோடும் ஆலைக்காரரோடும் சீட்டு விளையாடுகிறார். இரவானதும் சேறு பிடித்த உடுப்பைக் கழற்றி, அரசவைக்குப் போகும் உடுப்பைப் போட்டுக்கொண்டு பழைய நூலாசிரியர்களிடம் போகிறார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அவர்களைக் கேட்கிறார், அவர்கள் பதில் சொல்கிறார்கள். நாலு மணித்தியாலம் வறுமையும் தெரியாது, மரணப் பயமும் கிடையாது. வயலால் வந்து கிணற்றடியில் கால் கழுவிவிட்டுக் கொப்பியை விரிக்கிற எனக்கு, இந்தக் கடிதம் ஒன்றுக்கே 3000 ரூபா தகும்.

குறைகளும் உண்டு. பிளேட்டோவுக்கு இரண்டு வகுப்பு முழுதாகப் போனது. புளோரன்ஸ் மெய்யியலாளர் ஃபிச்சீனோ 1484இல் பிளேட்டோவின் நூல்கள் முழுவதையும் இலத்தீனில் அச்சேற்றியது பெரிய காரியம்தான். ஆனால் பல்கலைக்கழகங்கள் அப்போதும் அரிஸ்டோட்டிலைத்தான் படிப்பித்தன. வட இத்தாலியின் பாதுவாப் பல்கலைக்கழகத்தில் அவரை, அரபு மொழியில் எழுதிய முஸ்லிம் மெய்யியலாளர் இப்னு ருஷ்தின் உரையோடு வாசித்தார்கள். அரிஸ்டோட்டிலின் வழியில் நின்றே, உயிர் அழியாதது என்பதைப் பகுத்தறிவால் நிறுவ முடியாது என்று 1516இல் எழுதிய இத்தாலிய மெய்யியலாளர் பொம்பொனாத்சியின் பெயர்கூட வரவில்லை. அரபு மொழி வழியாக வந்த அறிவு ஐந்து நிமிடத்தோடு சரி. முஸ்லிம் பிள்ளைகளும் இருந்த வகுப்பில் இது எனக்கு மனவருத்தம். கடைசி வகுப்பில் மொன்தேய்னையும் 1600இல் மதவிரோதி என்று எரிக்கப்பட்ட இத்தாலிய மெய்யியலாளர் புரூனோவையும் ஒன்றாகத் திணித்ததில் இரண்டு பேருமே சரியாகக் கிடைக்கவில்லை.

குறிப்புப் பிரதிகள் மங்கல். பெயர்கள் தமிழில் மட்டும் இருப்பதால், வீட்டில் போனில் தேடக் கஷ்டப்படுகிறோம். பக்கத்தில் ஆங்கில எழுத்திலும் போடலாம். மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு விடுகிறார்கள். முல்லைத்தீவுப் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸுக்காகக் கடைசிக் கேள்வி நேரத்தில் எழும்பிவிடுகிறார்கள். இரண்டரைக்குத் தொடங்கினால் போதும்.

அடுத்த சுற்று சிறுபோக வெட்டுக்குப் பிறகு என்று சொல்லியிருக்கிறார்கள். இப்னு ருஷ்துக்கும் பொம்பொனாத்சிக்குமாக ஏழாவது வகுப்பு ஒன்று சேர்க்கச் சொல்லிச் சேரிடம் கேட்டிருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களும் கேளுங்கள்.