மடக்குக்கத்திக்காரர் வெட்டுக்கத்தி செய்யலாமா? கம்பமெட்டில் ஒரு மழைக்காலப் பயன்பாடு

கம்பமெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டி வண்டன்மேட்டுக்குப் போகும் வழியில் உள்ள ஓர் ஏலத்தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கிறேன். மடக்குக்கத்திக்குப் பெயர் பெற்ற ஒரு நிறுவனத்தின் கத்தி ஆறு ஆண்டுகளாக என் சட்டைப்பையில் இருக்கிறது. சாக்குக் கயிறு அறுப்பது, சொட்டுநீர்க் குழாயை நறுக்குவது, ஏலக்காயைப் பிளந்து உள்ளே அரிசி (விதை) கறுத்திருக்கிறதா என்று பார்ப்பது என எல்லாவற்றுக்கும் அதுதான். அலகு இன்றுவரை ஆடியதில்லை, பூட்டு ஒருமுறைகூட நழுவியதில்லை. அந்த நம்பிக்கையில்தான், அதே நிறுவனம் வெளியிட்ட மடங்காத பெரிய கத்தியைக் கடந்த ஏப்ரலில் ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

அலகின் நீளம் ஏழரை அங்குலம், முதுகின் கனம் 6 மில்லிமீட்டர். எஃகு டி2 வகை. கையில் எடுத்தவுடன் வேலைப்பாட்டின் நேர்த்தி தெரிந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அலகு ஒரே துண்டாகப் பிடியின் கடைசிவரை ஓடுகிறது, பிடித்தகடுகள் அலகோடு மயிரிழை இடைவெளியின்றிப் பொருந்தியிருக்கின்றன, பெட்டியிலிருந்து எடுத்தபோதே காகிதத்தைச் சத்தமின்றி அறுக்கும் கூர் இருந்தது.

தென்மேற்குப் பருவமழைக்கு முன் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிப்பது எங்கள் வழக்கம். முதல் இரண்டு நாள் சந்தன வேம்பின் பச்சைக் கிளைகளில் கத்தி நன்றாகவே இறங்கியது. மூன்றாம் நாள் பலாவின் காய்ந்த கிளை ஒன்றை, முடிச்சுக்குப் பக்கத்தில், சற்றுச் சாய்வாக வெட்டினேன். கைக்கு வந்த அதிர்ச்சியே வேறாக இருந்தது. அலகைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, வெட்டும் விளிம்பான வாயின் நடுவில் குருணை அரிசி அளவில் இரண்டு இடங்கள் பெயர்ந்து போயிருந்தன. வளைந்திருந்தால் கல்லில் நிமிர்த்தியிருக்கலாம். பெயர்ந்ததை ஒன்றும் செய்ய முடியாது, சுற்றியுள்ள எஃகு முழுவதையும் அந்த ஆழத்துக்குத் தேய்த்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மலையிறங்கிக் கம்பத்தில் எனக்குப் பழக்கமான கொல்லப்பட்டறைக்கு எடுத்துப் போனேன். பெரியவர் அலகை விரல் நகத்தால் சுண்டிக் கேட்டுவிட்டு, "இரும்பு நல்ல இரும்புதான் தம்பி. தோய்ச்சல்தான் பேனாக்கத்திக்கு வச்ச தோய்ச்சல். வெட்டுறதுக்கு இம்புட்டு வெறப்பு ஆகாது" என்றார். சூடேற்றிக் குளிரவைத்து எஃகுக்கு ஏற்றும் கடினப் பதத்தைத்தான் அவர் தோய்ச்சல் என்கிறார்.

நான் சொல்ல வந்ததும் இதுதான். டி2 எஃகில் கரி (கார்பன்) ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு, குரோமியம் பன்னிரண்டு விழுக்காடு அளவில் இருக்கும். இரண்டும் சேர்ந்து எஃகுக்குள் கடினமான துகள்களாக உறைவதால் கூர் நெடுநாள் நிற்கிறது, ஆனால் அடி தாங்கும் குணம் குறைகிறது. கயிறும் அட்டையும் அறுக்கும் சிறு அலகுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. நம் கொல்லர்கள் வெட்டுக்கத்திக்கு எடுக்கும் லாரிக் கமான் பட்டையில் கரி பெரும்பாலும் 0.5 முதல் 0.6 விழுக்காடுதான். நாள் முழுதும் பாரத்தில் வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த எஃகு என்பதால், அதில் அடித்த கத்தியின் வாய் முடிச்சில் பட்டால் மடங்குமே தவிரப் பெயராது. மடக்குக்கத்தியில் வெற்றி கண்ட எஃகையும் பதத்தையும் அப்படியே எடுத்து நீட்டித் தடிப்பாக்கினால் பெரிய கத்தி ஆகிவிடும் என்று நிறுவனம் நினைத்ததே தவறு.

பிடியிலும் அதே தவறுதான். கண்ணாடியிழையும் பிசினும் சேர்த்துச் செய்த சொரசொரப்பான ஜி10 தகடு, பையிலிருந்து உருவும் சிறு கத்திக்கு ஈரக்கையிலும் பிடிமானம் தரும். அரை மணி நேரம் ஓங்கி வெட்டும்போது அதே சொரசொரப்பு உள்ளங்கையை உரித்துவிடுகிறது. இங்குள்ள மலையாளத் தொழிலாளர்களின் வாக்கத்தியைப் பாருங்கள்: வழவழப்பான மரப்பிடி, கை நழுவாதபடி கடைசியில் ஒரு வளைவு, எடை முழுவதும் அலகின் முன்பகுதியில். கை தூக்கினால் போதும், கத்தி தானே இறங்கும். நான் வாங்கிய கத்தியின் எடையோ விரல்களுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. உறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடியில் துளை இல்லாததால் ஜூன் மழையில் நீர் தேங்கி, பத்தே நாளில் அலகில் துருப்புள்ளிகள் வந்துவிட்டன.

இவ்வளவு குறை சொன்னாலும், மடக்குக்கத்திக்காரர் பெரிய கத்தி பக்கமே வரக்கூடாது என்பது என் கருத்தன்று. அமெரிக்காவின் பக் குடும்பத்தார் 1902 முதல் மடங்காத கத்திகளைச் செய்துவந்து, 1964இல் 110 என்ற மடக்குக்கத்தியைக் கொண்டுவந்தார்கள். அவர்களின் பெயரை உலகெங்கும் கொண்டுபோனது அதுதான். அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வர முடியுமென்றால், இங்கிருந்து அங்கும் போகலாம். ஆனால் யாருக்காகச் செய்கிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். பெட்டியின் மேல் அடர்காட்டின் படம் அச்சிட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்திலேயே இருக்கும் பெரியார் சரணாலயத்துக்குள் இதை எடுத்துப்போக வழியில்லை; 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கத்தியையும் ஆயுதமாகவே கணக்கிடுகிறது, எழுத்து மூலமான அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் ஆயுதம் கொண்டுபோவதைத் தடுக்கிறது. இந்தக் கத்தியை நாள்தோறும் பயன்படுத்தக்கூடியவர்கள் ஏலம், மிளகு, காப்பித் தோட்டங்களில் இருப்பவர்கள்தான். ஆயுதச் சட்டத்தின் விதிகளும் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதங்களின் பட்டியலில் வைத்து, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என வடிவமைத்தவற்றை அதிலிருந்து விலக்கியிருக்கின்றன. ஆகவே போர்க்கத்தியின் தோற்றத்தை விட்டுத் தோட்டக் கருவியின் வடிவத்தை எடுப்பதே நிறுவனத்துக்கும் நல்லது, வாங்குபவருக்கும் நல்லது.

முதலில் நான்கு அல்லது ஐந்து அங்குல அலகில், 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒன்றைச் செய்யட்டும். அந்த அளவுக்கு அவர்களின் எஃகு அறிவு முழுமையாகப் பொருந்தும், நானே முதல் ஆளாக வாங்குவேன். அதற்கு மேல் போக விரும்பினால் எஃகை மாற்ற வேண்டும், பதத்தைத் தளர்த்த வேண்டும், வாக்கத்தி பிடிக்கும் கை ஒன்றிடம் ஒரு மாதம் மாதிரியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இப்போதுள்ள கத்தியை இந்த விலையில் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பெரியவர் இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, பெயர்ந்த இடம் மறையும்வரை வாயைத் தேய்த்து, கூர்க்கோணத்தையும் சற்று மழுக்கிக் கொடுத்தார். காகிதம் இப்போது அவ்வளவு சுத்தமாக அறுபடுவதில்லை. காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்குச் சிராய் பிளக்க வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் முடியும்வரை மறுபடி பெயரவில்லை.