ஹாங்காங்கில் பழைய சீனப் பீங்கான் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

28,000 ஹாங்காங் டாலர். நம் ரூபாயில் மூன்று லட்சத்துக்கு மேல். ஹாலிவுட் சாலைப் பக்கம் ஒரு பழம்பொருள் கடையில், காங்ஷி காலத்து நீல-வெள்ளை ஜாடி என்று சொல்லிப் புதுச் சரக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள். நேற்று மாலைதான் உறுதியானது. அடுத்த ஆளாவது தப்பிக்கட்டும் என்று உடனே எழுதுகிறேன்.

விரிசல் விட்ட பனிக்கட்டி போல நீலப் பின்னணி, அதில் வெள்ளை ப்ளம் பூக்கள். காங்ஷி பேரரசர் காலத்தில் (1662-1722) சீனாவின் பீங்கான் ஊரான ஜிங்டெசென் சூளைகளில் செய்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய வகை. 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு நகல்கள் வந்தன, இன்றும் வருகின்றன. நகல் என்று சொல்லி விற்றால் யாருக்கும் வருத்தமில்லை.

கடைக்காரர் அவசரப்படவே இல்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நான் வேறொரு கிண்ணத்தைக் கையில் எடுத்தபோது, "அது வேண்டாம் சார், அது புதுசு" என்று தானாகவே சொன்னார். அந்த ஒரு பேச்சில்தான் நம்பிக்கை வந்தது. அதற்காகவே அதைச் சொல்லியிருக்கிறார். அப்புறம் ஜாடியைக் கவிழ்த்தார். நீல இரட்டை வளையம், உள்ளே காங்ஷி பேரரசர் பெயர் சொல்லும் ஆறெழுத்து முத்திரை, அடி விளிம்பில் பழுப்பேறிய அழுக்கு. "முந்நூறு வருஷ அழுக்கு, கழுவிவிடாதீர்கள்" என்றார். கூடவே ஒரு சான்றிதழ்.

ஏல நிறுவனம் ஒன்றின் பீங்கான் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் காட்டினேன். முத்திரையை அவர் கண்டுகொள்ளவே இல்லை. ஈரப் பஞ்சால் அடி விளிம்பை ஓர் இழுப்பு இழுத்தார். பஞ்சு தேநீர் நிறத்துக்கு மாறியது. அழுக்கு போன இடத்தில் பளீரென்று வெள்ளை மண், தொட்டால் சொரசொரப்பு. உண்மையில் பழைய ஜாடியாக இருந்தால் அந்த விளிம்பு தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். பிறகு லென்ஸை வைத்துக் காட்டினார். ஜாடியின் தோள்பட்டையில் இருந்த கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடின. உப்புத்தாள் வேலை! உள்ளே கையை விட்டுத் தடவச் சொன்னார். அந்தக் கால ஜாடிகளை இரண்டு பாகமாகச் செய்து ஒட்டுவார்களாம், ஒட்டிய தழும்பு விரலில் தட்டுப்படும். இதில் ஒன்றுமே இல்லை, அச்சில் ஊற்றி வார்த்தது.

முத்திரையைப் பற்றி நான்தான் கேட்டேன். 1677இல் ஜிங்டெசென் அதிகாரி ஒருவர், பேரரசர் பெயரைப் பீங்கானில் எழுதக் கூடாது என்று தடை போட்டாராம். அதனால் அசல் காங்ஷி ஜாடிகள் பலவற்றில் வெறும் இரட்டை வளையம்தான் இருக்கும், அல்லது இருநூறு வருடம் முந்தைய செங்ஹுவா பேரரசரின் பெயர் இருக்கும். இந்தத் தொழிலிலேயே இருப்பவருக்கு இது தெரியாதா?

கடைக்குப் போனேன். முதலில், முதலாளி ஷென்ஜென் போயிருக்கிறார் என்றார்கள். அப்புறம், சான்றிதழ் கொடுத்தவரைக் கேளுங்கள் என்றார்கள். அந்த எண்ணில் யாரும் எடுப்பதில்லை. கடைசியில் ரசீதை எடுத்து நீட்டினார்கள். அதில் 'காங்ஷி முத்திரையுள்ள ஜாடி' என்றுதான் இருக்கிறது. "முத்திரை இருக்கிறதல்லவா? காங்ஷி காலத்தது என்று நாங்கள் எழுதவில்லையே" என்றார் கடையில் இருந்தவர், என் முகத்தைப் பார்க்காமலே. 28,000 டாலரை எண்ணி வாங்கும்போது வாய் நிறையச் சொன்னது 'காங்ஷி காலம்'. பொய் விவரம் சொல்லி விற்பது ஹாங்காங் சட்டப்படி குற்றம். சுங்கத் துறையில் புகார் கொடுத்துவிட்டேன்.

அசலை எப்படிப் பார்ப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. இவ்வளவாவது சொல்கிறேன். முத்திரையை நம்பாதீர்கள். அடி விளிம்பை ஈரத் துணியால் துடைக்க விடாத கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சூளையில் வெந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று காட்டும் வெப்ப ஒளிர்வுச் சோதனைக்கு ஜாடியில் சின்னதாகத் துளையிட்டு மாதிரி எடுக்க வேண்டும். துளையே இல்லாத ஜாடிக்கு அந்தச் சோதனையின் சான்றிதழைக் காட்டினால் அது வெறும் காகிதம். துளை இருந்தாலும், பழைய அடிப்பாகத்தைப் புது ஜாடியில் ஒட்டி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ரசீதில் எந்தக் காலத்தது என்பதையும், போலி என்று தெரிந்தால் பணம் திருப்பித் தரப்படும் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். மறுத்தால் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.