கன்ஃபிகரேட்டர் செய்யக் கொடுக்கிறீர்களா? கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. புத்தம் புதிய மதர்போர்டு. அதில் ரேம் ஸ்லாட்டின் பிளாஸ்டிக் விளிம்பு விரிசல் விட்டிருந்தது. எங்கள் கடைத் தளத்தில் பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் கன்ஃபிகரேட்டர் பக்கம் 'பொருந்தும்' என்று பச்சை அடையாளம் காட்டிய ரேமை அவர் நம்பி அழுத்தியிருக்கிறார். டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் இரு தலைமுறைகள், ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் பொருந்தாது. இரண்டுக்கும் முனைகள் 288தான். பார்வைக்கு நீளமும் ஒன்றுதான். அடியில் உள்ள வெட்டுப்பள்ளம் மட்டும் சற்றே தள்ளி இருக்கும். புதிதாகக் கணினி கட்டும் ஒருவருக்கு இது தெரிய வேண்டிய அவசியமில்லை. அவருக்குப் பதிலாகத் தெரிந்து வைத்திருக்கத்தானே அந்தப் பக்கத்தையே அமைத்தேன்!

நான் கணினி உதிரிபாகங்கள் விற்கும் ஆன்லைன் கடை நடத்துகிறேன். பிராசஸர், மதர்போர்டு, ரேம், கேபினட் என்று வாடிக்கையாளரே ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கும் கன்ஃபிகரேட்டர் ஒன்றைச் செய்து தரும்படி ஒரு நிறுவனத்திடம் வேலையை ஒப்படைத்தேன். ஒன்றோடொன்று சேராத பாகங்கள் கார்ட்டுக்குள் போகவே கூடாது. ஒப்பந்தத்தில் நான் அழுத்திச் சொன்னது அது ஒன்றைத்தான். டெமோ காட்டினார்கள். ஏஎம்5 சாக்கெட்டில் (சாக்கெட் என்பது மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) பொருந்தும் பிராசஸரைத் தேர்ந்தெடுத்ததும் ஏஎம்5 மதர்போர்டுகள் மட்டும் வந்து நின்றன. அழகாக இருந்தது. பணத்தை முழுவதுமாகக் கொடுத்துவிட்டேன். அந்த டெமோவில் இருந்தவை மொத்தம் பத்துப் பன்னிரண்டு பொருள்கள்தான் என்பதை அன்று யோசிக்கவில்லை.

படம் வந்த அன்று இரவு நிர்வாகப் பக்கத்தைத் திறந்து விதிகளைத் தேடினேன். அங்கே விதி என்று ஒன்றுமே இல்லை. ஒரு நீண்ட அட்டவணை இருந்தது: இடப்பக்கம் ஒரு பொருளின் குறியீட்டு எண், வலப்பக்கம் இன்னொன்றின் எண், பக்கத்தில் 'ஆம்' அல்லது 'இல்லை'. என்னிடம் 18 பிராசஸர்களும் 64 மதர்போர்டுகளும் இருக்கின்றன. அந்த ஒரு ஜோடிக்கே 1,152 வரிகள். யாரோ உட்கார்ந்து கையால் நிரப்பியிருக்கிறார்கள், அதுவும் பாதியில் நிறுத்திவிட்டார்கள். நிரப்பாமல் விட்ட ஜோடிகள் எல்லாம் 'பொருந்தும்' என்றே வாடிக்கையாளருக்குக் காட்டப்பட்டன. தெரியாததைப் பொருந்தும் என்று சொல்லும் ஓர் அமைப்பை எப்படி ஒருவருக்கு விற்க மனம் வந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

பொருத்த விதியைப் பொருளின் மேல் எழுதக்கூடாது, பொருளின் பண்பின் மேல் எழுத வேண்டும். 'பிராசஸரின் சாக்கெட்டும் மதர்போர்டின் சாக்கெட்டும் ஒன்றாக இருக்க வேண்டும்' என்று ஒரே வரி எழுதினால் போதும். நாளை பத்து மதர்போர்டுகள் புதிதாக வந்தாலும் அவற்றின் சாக்கெட்டை நிரப்பியவுடன் விதி தானாக வேலை செய்யும். சாக்கெட் மட்டும் போதாது என்பதும் உண்மை. இன்டெல்லின் எல்ஜிஏ 1151 சாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் வந்த எட்டாம் தலைமுறை பிராசஸர்கள் அதே 1151 முனைகளோடு வந்தும், முந்தைய 100, 200 வரிசை சிப்செட் (மதர்போர்டில் பிராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) கொண்ட மதர்போர்டுகளில் வேலை செய்யவில்லை. எனவே சிப்செட்டும் விதிக்குள் வர வேண்டும். இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் சிக்கல் வேறு: பிராசஸர் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும், ஆனால் மதர்போர்டு பொதுவாக ஒன்றைத்தான் ஏற்கும். ஆக, ரேமைப் பிராசஸரோடு ஒப்பிட்டால் தவறான விடைதான் வரும்.

அந்த வாடிக்கையாளருக்கு நேர்ந்ததை நானே செய்து பார்த்தேன். முதலில் டிடிஆர்4 மதர்போர்டு, அடுத்து டிடிஆர்4 ரேம். பிறகு பின்னால் போய், மதர்போர்டை மட்டும் டிடிஆர்5 ஏற்கும் ஒன்றாக மாற்றினேன். ரேம் அப்படியே இருந்தது. பச்சை அடையாளமும் அப்படியே இருந்தது. சோதனை முன்னோக்கிப் போகும்போது மட்டும்தான் நடக்கிறது. திரும்பி வந்து மாற்றினால் யாரும் பார்ப்பதில்லை. மனிதர்கள் கணினி கட்டும்போது பத்து முறை பின்னால் போய் மாற்றுவார்கள், அதுதான் இயல்பு. போதாக்குறைக்கு, சோதனை முழுவதும் பிரவுசரிலேயே முடிந்துவிடுகிறது. கார்ட்டுக்குள் போகும்போதும் பணம் செலுத்தும்போதும் சர்வர் எதையும் சரிபார்ப்பதில்லை.

ஜோடி அட்டவணையால் சொல்லவே முடியாத விதிகளும் உண்டு. கேபினட்டில் 330 மில்லிமீட்டர் கிராபிக்ஸ் கார்டு பொருந்தும் என்று இருக்கும். முன்பக்கம் பிராசஸரைக் குளிர்விக்க 27 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரேடியேட்டரும் 25 மில்லிமீட்டர் விசிறியும் மாட்டினால் அந்த இடத்தில் 52 மில்லிமீட்டர் போய்விடலாம். இங்கே மூன்று பொருள்களைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பவர் சப்ளையும் அப்படித்தான், எல்லாப் பாகங்களின் வாட்டையும் கூட்டித்தான் பார்க்க முடியும். இந்த இரண்டும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தன. இரண்டுமே செய்யப்படவில்லை.

நிறுவனத்தைக் கேட்டேன். பொருள் விவரங்களை நிரப்புவது என் பொறுப்பு என்றார்கள். பண்புகளை நிரப்ப அந்த அமைப்பில் இடமே இல்லையே என்றேன். அதற்கு 'அடுத்த கட்டம்' என்று தனிக் கட்டணம் சொன்னார்கள். புதிய பொருள் ஒவ்வொன்றுக்கும் ஜோடி நிரப்பித் தரவும் ஒரு கட்டணம் வைத்திருந்தார்கள். அப்போதுதான் புரிந்தது, இந்த வடிவம் கவனக்குறைவால் வந்ததாக இருக்க வாய்ப்பில்லை.

இதே வேலையைக் கொடுக்கப் போகிறவர்கள், டெமோவை அவர்கள் பொருள்களை வைத்துப் பார்க்காதீர்கள், உங்கள் முழுப் பட்டியலை ஏற்றிப் பாருங்கள். புதிய மதர்போர்டு ஒன்றை உங்கள் கையாலேயே சேருங்கள். விதிகளைத் தொடாமல் அது சரியான இடத்தில் வந்து நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பொருளின் சாக்கெட் விவரத்தை வேண்டுமென்றே காலியாக விடுங்கள். அதைப் பொருந்தும் என்று காட்டினால் பணத்தைக் கொடுக்காதீர்கள். கடைசியில் தொடங்கி முதலுக்குப் போங்கள்: ரேமை முதலிலும் பிராசஸரைக் கடைசியிலும் தேர்ந்தெடுங்கள். ஒரு பாகம் ஏன் பொருந்தவில்லை என்ற காரணத்தைத் திரை சொல்ல வேண்டும். வெறுமனே மறைத்துவிட்டால் வாடிக்கையாளர் உங்களிடம் சரக்கே இல்லை என்று நினைத்துப் போய்விடுவார். விதிகளை ஒரு கோப்பாக எடுத்துத் தரச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதவில்லை, அதனால் என் கையில் இப்போது ஒன்றும் இல்லை.

அந்த வாடிக்கையாளருக்கு வேறு மதர்போர்டும் சரியான ரேமும் என் செலவில் அனுப்பிவிட்டேன். பக்கத்தை மூடி வைத்திருக்கிறேன். இப்போது இரவுகளில் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளுக்கும் சாக்கெட், சிப்செட், ரேம் வகை, நீளம், உயரம் என்று தயாரிப்பாளரின் விவரத்தாளைப் பார்த்து எக்செல்லில் நிரப்புகிறேன். 64 மதர்போர்டுகளில் 41 முடிந்திருக்கின்றன.