அறைக்குக் கட்டியாச்சு, சாப்பாட்டுக்கு? ராமேஸ்வரம் கரையில் மீல் பிளான் கணக்கு

டைம்ஷேர், அதாவது வருடத்தில் சில நாள் விடுதியில் தங்கும் உரிமையை மொத்தமாக வாங்கி வைத்திருப்பவர், அறைக்கான பணத்தை எப்போதோ கட்டி முடித்தவர். வருடா வருடம் போகும் பராமரிப்புக் கட்டணத்தைப் பயணச் செலவில் யாரும் சேர்ப்பதும் இல்லை. அதனால் ராமேஸ்வரம், மண்டபம், அரியமான் பக்கம் மூன்று நாள் தங்கிவிட்டுக் கிளம்பும்போது பில்லில் பெரிதாக நிற்பது சாப்பாட்டுத் தொகைதான். அறை உறுதியான கையோடு, முன்பணம் கட்டி மீல் பிளான் (தங்கும் நாட்களுக்கான சாப்பாட்டை விடுதியில் மொத்தமாக முன்கூட்டியே வாங்குவது) எடுத்தால் இவ்வளவு தள்ளுபடி என்று செய்தி வரும். தள்ளுபடியை மட்டும் பார்த்துக் கட்டினால் இந்தக் கரையில் பெரும்பாலும் கை கடிக்கும். இங்கே உங்கள் நாளை நடத்துவது கோயில் நடையும் கடலும். பஃபே நேரம் இரண்டோடும் ஒத்துப்போவதில்லை.

முதலில் பெயர்களைப் பார்த்துவிடலாம். இ.பி. என்றால் அறை மட்டும். சி.பி. என்றால் காலைச் சிற்றுண்டி சேர்ந்தது. எம்.ஏ.பி. என்றால் காலையோடு இன்னொரு வேளை, பெரும்பாலும் இரவு. ஏ.பி. என்றால் மூன்று வேளையும். டைம்ஷேர் உறுப்பினருக்கு இயல்பாகக் கிடைப்பது இ.பி. மற்றவை எல்லாம் ஆளுக்கு, நாளுக்கு என்று மேலே ஏறுபவை.

ஒரு வேளை தவறினால் என்ன ஆகும்

கணக்குக்காக மட்டும் ஒரு விலை வைத்துக்கொள்வோம். உணவகத்தில் தனித்தனியாகச் சாப்பிட்டால் காலை 450, மதியம் 700, இரவு 800, ஆக நாளுக்கு 1,950 ரூபாய். பிளானில் ஏ.பி. 1,800, எம்.ஏ.பி. 1,150, சி.பி. 400. மூன்று இரவுக்கு ஒருவருக்கு ஏ.பி. எடுத்தால் 5,850க்குப் பதில் 5,400. மிச்சம் 450. அதாவது மூன்று நாளில் ஒரே ஒரு காலைச் சாப்பாடு தவறினால் மிச்சம் பூஜ்யம். ஒரு மதியம் தவறினால் 250 ரூபாய் நஷ்டம். ஒரு காலையும் ஒரு மதியமும் தவறினால் தலைக்கு 700, நாலு பேருக்கு 2,800.

எம்.ஏ.பி.யில் மூன்று நாளைக்கு மிச்சம் 300. ஒரு காலை போனால் 150 ரூபாய் கைநஷ்டம். சி.பி.யில் மிச்சம் வெறும் 150, ஒரு காலை போனால் 300 நஷ்டம். உங்கள் விடுதி தரும் விலைகளை இதே வரிசையில் எழுதிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. கேட்கவேண்டிய கேள்வி 'எவ்வளவு தள்ளுபடி' என்பதல்ல, 'எத்தனை வேளை தவறலாம்' என்பதுதான்.

இன்னொன்று: அந்தத் தள்ளுபடி விடுதி தானே வைத்த விலையில் தரப்படுவது. சன்னதித் தெருவில் சைவச் சாப்பாட்டின் விலையோடு அதை ஒப்பிட்டு யாரும் விளம்பரம் செய்வதில்லை.

கோயில் நாளில் காலைச் சாப்பாடு

ராமநாதசுவாமி கோயிலில் ஸ்படிகலிங்க தரிசனம் விடியற்காலை ஐந்து மணி வாக்கில். அதைப் பார்க்க நினைப்பவர் நாலு மணிக்கே அறையை விட்டுக் கிளம்ப வேண்டும். மண்டபத்தில் தங்கினால் கோயிலுக்குச் சுமார் 20 கி.மீ. இருக்கிறது, இன்னும் முன்னதாக எழ வேண்டும். தரிசனம் முடிந்து அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தம். வரிசை இழுக்கும். ஈரத்துணியோடு சன்னதிக்குள் போக முடியாது, உடை மாற்றிக்கொண்டு மறுபடி நிற்க வேண்டும். கூட்டமில்லாத நாளிலேயே எல்லாம் முடிய ஒன்பதரை, பத்து ஆகிவிடும். விடுதியில் காலை பஃபே பொதுவாகப் பத்து, பத்தரைக்கு மூடிவிடும். ஈரத்தலையோடு ஓடி வந்தால் எஞ்சியிருப்பது ரொட்டியும் ஜாமும்தான். பந்திக்கு முந்து என்பது பஃபேவுக்கும் பொருந்தும். கடைசி அரை மணியில் தட்டுகளை மறுபடி நிரப்புவது அரிது.

பார்சல் கட்டித் தருவார்களா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். தருவதானால் முந்தின நாள் இரவு எட்டு மணிக்குள் வரவேற்பில் சொல்லி எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். விடியற்காலை நாலு மணிக்குச் சமையலறையில் ஆள் இருக்காது. பொங்கல் ஆறினால் கட்டியாகிவிடும். பொடி தடவிய இட்லி, புளியோதரை இரண்டும் பையில் தாங்கும். சட்னியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தேங்காய்ச் சட்னி வெயிலில் இரண்டு மணி நேரத்தில் புளித்துவிடும்.

அமாவாசைக்கு வருபவர் கணக்கே வேறு. ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் தர்ப்பணம் முடியும்வரை பெரியவர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. மதியம் ஒருவேளைச் சோறு, அதிலும் வெங்காயம் பூண்டு கூடாது. இரவு பலகாரம். மூன்று வேளைப் பிளானில் அன்று உருப்படியாகச் சாப்பிடுவது ஒரு வேளைதான். அமாவாசையை ஒட்டி இரண்டு இரவு தங்குபவருக்கு ஏ.பி. எந்த விலைக்கும் ஆகாது. புரட்டாசியில் அசைவம் தொடாதவர்கள் சைவத்துக்குத் தனி விலை உண்டா என்று கேட்கலாம். ஆட்டுக்கறியும் மீனும் சேர்ந்த பஃபே விலையைக் கொடுத்துவிட்டுச் சாம்பார் சாதம் சாப்பிட யாருக்கும் மனசு வராது.

தனுஷ்கோடி நாளில் மதியம்

ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை சுமார் 20 கி.மீ. போவதும் வருவதும் பெரிய நேரமில்லை. இடிந்த தேவாலயம், 1964 டிசம்பர் புயல் விட்டுச்சென்ற கட்டடங்கள், முனையில் இரு கடலும் சேரும் இடம் என்று நின்று பார்த்தால் அரை நாள் கரைந்துவிடும். வழியில் குடிசைக் கடைகளில் மீன் வறுத்துத் தருவார்கள். வாசம் மூக்கில் ஏறிய பிறகு 'நமக்கு ரிசார்ட்டில் மதியச் சாப்பாடு இருக்கு' என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். திரும்பும் வழியில் பேக்கரும்பில் கலாம் நினைவிடம், பிறகு பாம்பன் பாலத்தில் ஒரு நிறுத்தம். மூன்றரைக்கு விடுதிக்கு வந்தால் மதிய பஃபே முடிந்திருக்கும். ஆக, மூன்று நாள் பயணத்தில் ஒரு காலையும் ஒரு மதியமும் தவறுவது இந்த ஊரில் கிட்டத்தட்ட நிச்சயம். அந்த 2,800 கற்பனைக் கணக்கல்ல என்பது இதிலேயே தெரியும்.

வந்து சேரும் நாளையும் பாருங்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபின் ரயில் மறுபடி தீவுக்குள் போகிறது. இரவு ரயிலில் காலையில் இறங்குபவருக்கு அறை கிடைப்பது மதியம் இரண்டு மணிக்கு. பிளான் எந்த வேளையில் தொடங்கி எந்த வேளையில் முடிகிறது என்பதை உறுதிக் கடிதத்தில் எழுத்தில் வாங்குங்கள். 'மூன்று இரவு ஏ.பி.' என்பது ஒன்பது வேளைதானா, முதல் வேளை மதியமா இரவா? இரண்டு மணிக்கு அறை, மூன்று மணிக்குப் பஃபே மூடல் என்றால் முதல் மதியம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

மீனுக்காக எடுப்பவர்களுக்கு

கடற்கரை விடுதி, தினமும் மீன் இருக்கும் என்று நம்பி ஏ.பி. எடுப்பவர் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும்தான். பள்ளி விடுமுறையும் விடுதிகள் நிரம்பி வழிவதும் சரியாக அந்த இரண்டு மாதத்தில்தான். அப்போது பஃபேயில் வரும் மீன் வெளியூர் ஐஸ் பெட்டியில் வந்ததாக இருக்கலாம், இல்லையென்றால் மீன் இருந்த இடத்தில் கோழி வந்துவிடும். தடையில்லாத மாதங்களிலும் இந்தப் பகுதி விசைப்படகுகள் வாரத்தில் எல்லா நாளும் போவதில்லை, நாட்டுப்படகுகளோடு நாள் பிரித்துக்கொள்கின்றன. விசைப்படகு கரை திரும்பும் காலையில் கணவாய், நண்டு, இறால் எல்லாம் தாராளமாக வரும்.

மீனுக்காகவே வருபவர் பிளானை விட்டுவிட்டு, கரையில் வாங்கிச் சமைத்துத் தரச் சொல்லலாம். சில விடுதிகள் சமைக்கும் கூலி மட்டும் வாங்கும், சில வெளிமீனை உள்ளேயே விடாது. முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். நாலு பேருக்குக் குழம்பும் வறுவலும் வேண்டுமென்றால் முழு மீனாக ஒன்றரைக் கிலோ போதும். இறாலில் தலையும் ஓடும் போக ஏறக்குறையப் பாதிதான் மிஞ்சும், அதற்கேற்ப வாங்குங்கள். குழம்புக்கு ராமநாதபுரம் முண்டு மிளகாய் போடச் சொல்லுங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் பக்கத்து வயலில் விளைகிறது, விடுதிச் சமையலறையோ பாக்கெட் மிளகாய்த்தூளில் ஓடுகிறது.

அறையிலேயே சமைத்தால்

டைம்ஷேர் அறைகள் பலவற்றில் சின்னச் சமையல் மேடை உண்டு. ஸ்டூடியோ எனப்படும் ஒற்றை அறையில் பெரும்பாலும் கெட்டில், மைக்ரோவேவ் மட்டும். ஒரு படுக்கையறை அறையில் இன்டக்‌ஷன் அடுப்பும் இருக்கலாம். வீட்டு அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது. காந்தம் ஒட்டும் அடி இருக்க வேண்டும், கிளம்பும் முன் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். அடுப்பை நீங்களே கொண்டுபோவதானால் 2,000 வாட் அடுப்பைச் சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் செருகாதீர்கள், தீய்ந்துபோகும். ஏ.சி.க்கான 16 ஆம்பியர் பிளக் வேண்டும், அதுவும் ஏ.சி. ஓடாதபோது. சில விடுதிகள் சொந்த அடுப்பையே அனுமதிப்பதில்லை. கேஸ் சிலிண்டர் எங்கும் கூடாது.

மூன்று வேளையும் சமைக்க யாரும் விடுமுறைக்கு வருவதில்லை. காலை மட்டும் என்றால் இது வெகு எளிது. ஒரு லிட்டர் மாவில் பத்துப் பன்னிரண்டு தோசை வரும், நாலு பேருக்கு ஒரு காலை. குடிக்க, காப்பிக்கு 20 லிட்டர் கேன் ஒன்று மூன்று நாளைக்குத் தாராளம். குழந்தைக்குக் கஞ்சி, சர்க்கரை நோயாளிக்கு நேரத்துக்குச் சாப்பாடு என்று இருக்கும் வீட்டில் இந்தச் சின்ன மேடை எந்தப் பிளானையும்விடப் பெறும்.

எங்கே தங்குகிறீர்கள்?

கோயிலுக்குப் பக்கத்தில் தங்கினால் பிளான் எதுவும் வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கும் நடந்துபோய் இட்லி சாப்பிட்டு வரலாம். அரியமான், உச்சிப்புளி, ஏர்வாடி பக்கம் கடலை ஒட்டித் தனியாக நிற்கும் விடுதியென்றால் கதை மாறும். இருட்டிய பிறகு ஆட்டோ கிடைக்காது. வாடகை வண்டியை நிறுத்தி வைத்து வெளியே சாப்பிட்டால் வண்டிக்கூலியே இரண்டு பேர் சாப்பாடு ஆகிவிடும். இங்கே இரவு வேளை விடுதியில்தான் என்று முடிவு செய்துகொண்டு, இரவை மட்டும் பிளானில் தருவார்களா என்று கேட்பது நல்லது. மறுத்தால் எம்.ஏ.பி. அதிலும் காலையை மதியத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி ஒரு நாளுக்காவது உண்டா என்று கேளுங்கள். அந்த ஒரு சலுகை கிடைத்தால் கோயில் நாள் பிரச்சினை தீர்ந்தது, எம்.ஏ.பி. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

ஏ.பி. நியாயமாகும் இடமும் உண்டு. முழு வாரம் தங்கி, கோயில், தனுஷ்கோடி எல்லாம் முதல் இரண்டு நாளில் முடித்து, மிச்ச நாள் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார வருபவர்கள். நடக்க முடியாத பெரியவரும் கைக்குழந்தையும் சேர்ந்த குடும்பம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வருபவர்கள்: புயல் எச்சரிக்கை வந்தால் அரிச்சல்முனைச் சாலையை மூடிவிடுவார்கள், வெளியே போக வழியில்லை, எந்த வேளையும் தவறாது. ஆனால் அதே புயல் பயணத்தையே ரத்து செய்ய வைத்தால் கட்டிய முன்பணம் திரும்புமா என்பது வேறு கேள்வி. அறை நாட்கள் கணக்கில் திரும்ப ஏறினாலும், சாப்பாட்டுப் பணம் பல இடங்களில் ஏறாது.

பெரியவர்கள் விஷயத்தில் ஒரு சிக்கல். எழுபது வயது அம்மா காலையில் இரண்டு இட்லி, இரவில் இரண்டு இடியாப்பம் சாப்பிடுவார், பிளானில் அவருக்கும் முழுத்தலை. அறையில் தங்கும் எல்லாரும் ஒரே பிளான் எடுக்க வேண்டும் என்று பல விடுதிகள் கட்டாயப்படுத்தும். ஆளுக்கு ஆள் மாற்ற விட்டால் அவரை இ.பி.யில் விட்டுவிட்டுத் தேவைக்குத் தனியாக வாங்குவதே மலிவு. பிள்ளைகளுக்கு எத்தனை வயதுவரை இலவசம், எத்தனை வயதுவரை பாதி என்பது விடுதிக்கு விடுதி மாறும். வயதுச் சான்றைக் கையில் வைத்திருங்கள்.

கட்டும் முன், கிளம்பும் முன்

சொன்ன விலையில் ஜி.எஸ்.டி. சேர்ந்ததா என்று கேளுங்கள். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் விடுதி என்றால் அதன் உணவகத்தில் 18 சதவீதம், மற்ற விடுதிகளில் 5. நீங்கள் வாடகை கொடுக்காத உறுப்பினர் என்பது இங்கே உதவாது, விடுதி எந்த வகையில் வருகிறது என்பதே கணக்கு. 1,800 ரூபாய்ப் பிளான் 5 சதவீதத்தில் 1,890, 18 சதவீதத்தில் 2,124. சேவைக் கட்டணம் தானாகச் சேர்க்கப்பட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம். அப்படிச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள்.

வேறு விடுதிக் குழுமத்திலிருந்து நாட்களை மாற்றிக்கொண்டு வருபவர்கள், பிளான் கட்டாயமா என்பதை மாற்று உறுதிக் கடிதத்திலேயே தேட வேண்டும். பொடி எழுத்தில் கீழே இருக்கும், வந்து இறங்கிய பிறகு வாதாடிப் பயனில்லை. உறுப்பினராகச் சேர்ந்தபோது தந்த உணவுக் கூப்பன் கையில் இருந்தால் அது பிளானுக்குச் செல்லுமா, தனி ஆர்டருக்கு மட்டுமா என்று பாருங்கள். தனி ஆர்டருக்கு மட்டும் என்றால் பிளான் எடுத்த நாளில் கூப்பன் வெறும் காகிதம்.

வார நாளில் ஆள் குறைவாக இருந்தால் பஃபே கிடையாது, அளவுச் சாப்பாடு வைப்பார்கள். விலை மட்டும் பஃபே விலையிலேயே நிற்கும். குறைந்தது எத்தனை பேர் இருந்தால் பஃபே என்று கேட்டு, இல்லாத நாளுக்குக் குறைத்துக்கொள்வார்களா என்பதையும் எழுதி வாங்குங்கள். தண்ணீர் பாட்டில், மாலைக் காப்பி, அறைக்குக் கொண்டுவரும் கூலி, பார்க்க வந்த உறவினர் சாப்பிட்டது எல்லாம் பிளானுக்கு வெளியே. ஒவ்வொரு வேளையும் கையெழுத்துப் போடும் சீட்டில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையைப் பார்த்துப் போடுங்கள், ஒரு படம் எடுத்து வையுங்கள். கணக்கை முடிக்கும் காலையில் வண்டி வாசலில் நிற்கும், யாருக்கும் பில்லைப் படிக்கப் பொறுமை இருக்காது. அதனால் முந்தின இரவே வரைவு பில்லைக் கேட்டு வாங்கிச் சீட்டுகளோடு ஒத்துப் பார்த்துவிடுங்கள்.