சாம்பா சர்வர்: ஃபாக்ஸ்ப்ரோ பில்லிங் ஓட்டுற கடைக்கு ஒத்து வருமா?

திருப்பாப்புலியூர் லாரன்ஸ் ரோடு பக்கம் எங்க சித்தப்பா ஹார்டுவேர் கடை வச்சிருக்காரு, பில்லிங் இன்னும் விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோங்கற பழைய டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல தான். மைக்ரோசாஃப்ட் 2015லயே அதுக்கு சப்போர்ட்டை நிறுத்திடுச்சு, ஆனா ஆணி, பைப்பு, பெயின்ட்டுனு கூட்டம் நிக்கறப்போ அது பில் போடற வேகத்துக்கு மாத்த மனசே வரல. அதனால பழைய பிசில லினக்ஸ் ஏத்தி சாம்பா (லினக்ஸ்ல இருக்கற ஃபோல்டரை விண்டோஸ் சிஸ்டம்களுக்கு ஷேர் பண்ணற சாஃப்ட்வேர்) போட்டு, ஃபாக்ஸ்ப்ரோ டேபிள் இருக்கற டிபிஎஃப் ஃபைல் எல்லாம் அதுல வச்சாச்சு, கவுன்டர்லயும் குடோன்லயும் இருக்கற சிஸ்டம் எல்லாம் அங்க இருந்து தான் எடுக்குது.

சாம்பா அருமையான சாஃப்ட்வேர், பைசா செலவில்ல. ஆனா டேட்டாபேஸ் வைக்கறவங்க போட்டது போட்டபடி ஓட்டாதீங்க. ஓப்லாக்னு ஒரு வசதி டிஃபால்ட்டா ஆன்ல இருக்கும். அதாவது, ஒரு ஃபைலை ஒரே சிஸ்டம் தொறந்திருந்தா, எழுதறதை உன்கிட்டயே வச்சுக்கோ அப்புறம் குடுன்னு சர்வர் விட்டுடும், இன்னொரு சிஸ்டம் தொறக்க வந்தா தான் அதைக் கேட்டு வாங்கும். வேர்டு, எக்செல்லுக்கு நல்லது தான், ஆனா குடோன் கேபிள் லூஸா இருந்தாலோ கரண்ட் போனாலோ எழுதினது சர்வருக்கு வராமலே போயிடும், அப்புறம் டேபிளும் இன்டெக்ஸும் ஒத்துப்போகலன்னு எர்ரர் அடிக்கும்.

அதனால சாம்பாவோட செட்டிங்ஸ் ஃபைலான எஸ்எம்பி.கான்ஃப்ல, டேட்டாபேஸ் இருக்கற ஷேருக்கு மட்டும் ஓப்லாக்ஸ் = நோ, லெவல்2 ஓப்லாக்ஸ் = நோ போடுங்க. வேற ஃபைலும் அதே ஷேர்ல இருந்தா வீட்டோ ஓப்லாக் ஃபைல்ஸ்ல டிபிஎஃப், சிடிஎக்ஸ் (இன்டெக்ஸ்), எஃப்பிடி (மெமோ) மட்டும் குடுங்க. ரிப்போர்ட் எடுக்கறப்போ கொஞ்சம் மெதுவாகும், பரவால்ல, கணக்கு உருப்படியா இருக்கணும்ல.

எனக்கு ரொம்ப புடிச்சது எஸ்எம்பிஸ்டேட்டஸ் மைனஸ் எல் (கேப்பிட்டல் எல்) கமாண்டு. யாரு எந்த ஃபைலை எந்த மோடுல தொறந்திருக்காங்கன்னு அப்படியே காட்டுது, ஸ்டாக் டேபிளுக்கு நேரா டினை நன்னுன்னு இருந்தா எல்லாரும் தொறக்கலாம், டினை ஆல்னு இருந்தா யாரோ எக்ஸ்க்ளூசிவா, வேற யாரும் தொறக்க முடியாதபடி புடிச்சிருக்காங்க, கவுன்டர்ல ஃபைல் இஸ் இன் யூஸ்னு வந்து நிக்கும், கஸ்டமர் கையில காசோட நிப்பாரு. இதை சாம்பா சரி பண்ணாது, ப்ரோக்ராம்லயே செட் எக்ஸ்க்ளூசிவ் ஆஃப் போட்டு, ஸ்டாக் குறைக்கற இடத்துல ஆர்லாக்ல அந்த ஒரு ரெக்கார்டை மட்டும் பூட்டி, எழுதின கையோட அன்லாக் பண்ணணும். எஃப்லாக் போட்டா டேபிள் மொத்தமும் பூட்டிக்கும், பக்கத்து கவுன்டர் பில் போட முடியாம காத்துக்கிட்டு கிடக்கும். பேக் (அழிச்ச ரெக்கார்டை நிரந்தரமா நீக்கறது), ரீஇன்டெக்ஸ் (இன்டெக்ஸை திரும்பக் கட்டறது) ரெண்டுக்கும் எக்ஸ்க்ளூசிவ் வேணும், அதை ராத்திரி ஷட்டர் இறக்கின அப்புறம் வச்சுக்கோங்க.