மார்த்தாண்டத்தில் ஓஇடி வகுப்பு: ஸ்பீக்கிங்குக்குத் தாராளமாகப் போகலாம்

யுகே போக ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதும் நர்ஸ்கள் நம்ம ஊர்ப்பக்கம் தெருவுக்கு ஒருவராவது உண்டு. எந்த வகுப்பு நல்லது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் படித்தது மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில், மாடியில் நடக்கும் ஒரு சின்ன சென்டரில். கருங்கலில் இருந்து பஸ்ஸில் போய் வந்தேன்.

ஸ்பீக்கிங் எடுக்கும் டீச்சர் வெளிநாட்டு வார்டில் வேலை பார்த்தவர். ரோல் ப்ளேயில், அதாவது நோயாளியிடம் பேசுவதுபோல் நடிக்கும் பயிற்சியில், நான் 'ஐ வில் செக் யுவர் பிபி' என்றதும் நிறுத்திவிட்டார். "மக்ளே, நோயாளிய மெரட்டாத. ஒரு ஜஸ்ட் போட்டுச் சொல்லு." 'ஐம் ஜஸ்ட் கோயிங் டு செக் யுவர் பிபி' என்று சொல்லிப் பாருங்கள், குரல் தானாகவே தணியும்.

அப்புறம் அந்தச் சொல்லின் பூர்வீகத்தையே எடுத்து வைத்தார். லத்தீனில் சட்டம், உரிமை என்று பொருள்படும் சொல்லில் பிறந்து, 'நியாயமான' என்ற பொருளோடு பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததாம். கோர்ட்டில் இருக்கும் ஜஸ்டிஸும் அதே குடும்பம். நியாயம் என்றால் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதனால் 1400 வாக்கில் 'மிகச் சரியாக' என்ற பொருள் வந்தது. 17ஆம் நூற்றாண்டில் அது 'வெறுமனே' என்று இளகிவிட்டது. நம்ம 'ஜஸ்ட் பாஸ்' இந்த வகைதான். 'ஹி ஹேஸ் ஜஸ்ட் ஈட்டன்' என்றால் இப்போதுதான் சாப்பிட்டார். ஊசி போடப் போகிறவருக்கு இது தெரிந்தாக வேண்டும்.

ஆனால் வலியில் துடிப்பவரிடம் 'இட்ஸ் ஜஸ்ட் பெயின்' என்றால் போச்சு. அதே சொல் அங்கே அலட்சியமாகக் கேட்கும். ஸ்பீக்கிங்கில் நோயாளியிடம் எப்படிப் பழகுகிறோம் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. சுமார் 5 நிமிடம் வீதம் இரண்டு ரோல் ப்ளே, அவ்வளவுதான். இந்த மாதிரி சின்னச் சொற்களில்தான் யுகேவுக்குத் தேவையான 350 மதிப்பெண் கிடைப்பதும் நழுவுவதும்.

ரைட்டிங் வகுப்பு பரவாயில்லை. லெட்டரைத் திருத்தி மறுநாளே தருகிறார்கள். லிஸனிங்தான் சொதப்பல். அறைக்கு ஒரே ஸ்பீக்கர், மேலே தகர ஷீட். நம்ம ஊர் மழையைச் சொல்லவா வேண்டும்! ஆடியோவில் டாக்டர் பேசுகிறாரா, நோயாளி பேசுகிறாரா என்றே பிடிபடாது. கேட்டால் "சரி பண்ணிருவோம்" என்பார்கள்.

ஃபீஸை இரண்டு தவணையாக வாங்கிக்கொள்கிறார்கள். ஞாயிறு பேட்சில் கூட்டம் அதிகம், பேச முறை வருவதே கஷ்டம். டியூட்டி ஒத்துவந்தால் வார நாள் மாலையில் சேருங்கள். லிஸனிங்கை வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.